நான்காவது பீரியட்

வியாழக்கிழமை நான்காவது பீரியடில்
ஒன்பது 'பி' இரண்டாகப் பிரியும்.
மறைக்கல்விக்காரர்கள் அப்படியே உட்கார்ந்திருக்க
நன்னெறிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து அறைக்குப் போகவேண்டும்.

நான் போகிறவள்.
பதிவேட்டில் என் பெயர் வெண்ணிலா.
ஞானஸ்நானப் புத்தகத்தில் ஜெசிந்தா.
வீட்டில் ஜெசி, கோபம் வந்தால் ஏய்.

இரண்டு அறைக்கும் நடுவே சுவர் கிடையாது,
பச்சை பெயிண்ட் அடித்த பலகைத் தட்டிதான்.
ஆண்டு விழாவுக்கு அதைக் கழற்றி ஹாலாக்குவார்கள்.
மரத்தின் கண் ஒன்று உதிர்ந்து
என் பெஞ்சுக்கு நேராக ஒரு துளை.

ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று
மதம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி
அப்பாவைப் பார்க்காமல் கேட்டார்
ஆபீஸ் ரூம் பிலவேந்திரன் சார்.
ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு
அவர் கையிலிருந்துதான் எங்கள் வரிசைக்கு வரும்.
அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.
சாதிச் சான்றிதழ் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.
கவரின் மேல் விரல் விரலாக வேர்வை.

போன வருஷம் உதவித்தொகைக்கு விசாரிக்க
தாலுகா ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்தார்.
தெருமுனையில் பைக் நின்றதுமே
அம்மா மாதா படத்தை எடுத்து
அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள்.
சுவரில் ஆணி மட்டும்,
சுற்றிலும் வெளுக்காத ஒரு சதுரம்.
"கோயிலுக்கெல்லாம் போவியா, பாப்பா?"
போவேன் சார் என்றேன்.
பொய்யில்லை. நாங்களும் அதைக் கோயில் என்றுதான் சொல்கிறோம்.
அவர் போனபின் மாதாவின் முகத்தில் தவிடு.
முந்தானையால் துடைத்துக்கொண்டே அம்மா சிரித்தாள்:
"ரேஷன் அரிசி நாத்தத்த
பொறுத்துக்கினு இருந்திருக்காங்க பாரு."

இன்றைக்கு கோமதி மிஸ் நடத்துவது நீர்ச் சிக்கனம்.
பல் தேய்க்கும்போது குழாயை மூடவேண்டுமாம்.
மெட்ரோ லாரி வராமல் நாலு நாளான ஷமீமா
அதை அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் ரெஜினால்டா கேட்டார்:
"முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த இராயப்பரை
முதலில் அடையாளம் கண்டுபிடித்தது யார்?"

சத்தமே இல்லை.
ஒரு மூக்கு உறிஞ்சல், ஒரு ஸ்கேல் விழுந்தது.

இராயப்பர் பேர்தான் ராயபுரம் என்று
வருஷா வருஷம் கொடியேற்றத்தில் சாமியார் சொல்வார்.
அவர் ஊரிலேயே இருந்துகொண்டு ஒருத்திக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். ஒரு வேலைக்காரப் பெண்.
பாஸ்கா நாடகத்தில் அவள் நான்தான்.
இடுப்பில் அம்மாவின் பழைய துப்பட்டா,
கையில் காலிக் குடம்,
ஒரே ஒரு வசனம்:
நீரும் அவரோடு இருந்தவர்தானே?
இராயப்பர் வேஷத்தில் பிலவேந்திரன் சார்.
ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்க
என்னைப் பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து,
அறியேன் என்றார்.
ஒத்திகையில் அவர் குரல் அப்படி உடைந்ததில்லை.

"ஷெர்லி, நீ சொல்லு."
"பிலாத்து, சிஸ்டர்."
அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் கவனித்தேன்,
என் கை மேலே நிற்கிறது.
இந்த அறையில்.

கோமதி மிஸ் சாக்பீஸோடு திரும்பினார்.
"என்ன வெண்ணிலா, தண்ணி குடிக்கணுமா?"

துளை வழியாக ஒரு வெள்ளை அங்கி
அசையாமல் நின்றதுபோல் இருந்தது.
தோன்றியதாகவும் இருக்கலாம்.

ஆமாம் மிஸ்.

வராந்தாவில் காசிமேட்டுக் காற்று,
கருவாடும் டீசலும்.
சங்கிலி போட்ட டம்ளரில் பிடித்து
தாகமே இல்லாமல் முழுசாகக் குடித்தேன்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

குழாயை இறுக்கி மூடினேன்.
இன்னும் இறுக்கினேன்.
சொட்டும். வாஷர் போய் ரெண்டு மாசமாகிறது.